மெடலைப் பறித்ததோடு கதையை முடிக்காதீர்கள்

ஜூடோ மாஸ்டர்களுக்கும் போட்டி நடத்தும் சங்கப் பொறுப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள மாஸ்டர்களே, பொறுப்பாளர்களே,

வணக்கம். வகுப்பில் புதிதாகப் பெண் பிள்ளைகள் சேரும்போது நம்மில் பலர் சொல்லும் கதை ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஒரு பெண் மார்பைத் துணிப்பட்டையால் இறுகக் கட்டிக்கொண்டு ஆண்கள் போட்டியில் இறங்கினார், ஜெயித்தார், பெண் என்று தெரிந்ததும் மெடலைப் பறித்துக்கொண்டார்கள். இவ்வளவுதான் கதை. "பாத்தீங்களா, அந்தக் காலத்துல எவ்வளவு கஷ்டம், இப்ப உங்களுக்கு எல்லாம் இருக்கு, ஒழுங்கா விழப் பழகுங்க" என்று சொல்லிவிட்டு வார்ம்-அப்புக்குப் போய்விடுவோம். நானும் வருடக்கணக்காக அப்படித்தான் சொல்லிவந்தேன்.

சில மாதங்களுக்கு முன் அதே இடத்தில் கதையை நிறுத்தியபோது, பின்வரிசையில் பெல்ட்டைச் சரியாகக் கட்டத் தெரியாமல் பிசைந்துகொண்டிருந்த பதினொரு வயதுக்காரி கையைத் தூக்கினாள்.

"மாஸ்டர், அப்புறம் அந்த மெடலத் திருப்பிக் குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க."

"எப்போ?"

"அம்பது வருஷம் கழிச்சு."

எல்லாப் பிள்ளைகளும் சிரித்தார்கள். நான் கேலி செய்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். கேலி இல்லை. 1959இல் பறிபோன மெடலுக்கு ஈடாக, நியூயார்க் மாநில ஒய்.எம்.சி.ஏ. அவருக்குத் தங்க மெடல் போட்டது 2009 ஆகஸ்டில். அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஒரே யோசனை. நடுவிலே கிடக்கும் அந்த ஐம்பது வருடத்தை நாம் ஏன் யாருக்கும் சொல்வதே இல்லை? அந்த யோசனைதான் இந்த மடல்.

அவர் பெயர் ரஸ்டி கனோகோகி. பெற்றோர் வைத்த பெயர் ரீனா கிளிக்மன். 1935 ஜூலை 30இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். வளர்ந்தது கோனி ஐலண்டில். ராட்டினமும் கடற்கரையும் கூட்டமுமாக இருக்கும் அந்த இடத்தில் சின்ன வயதிலேயே கிடைத்த வேலையைச் செய்து காசு பார்த்தவர். பதின்ம வயதில் 'அப்பாச்சிஸ்' என்ற பெண்கள் கும்பலுக்குத் தலைவி. 'ரஸ்டி' என்பது அந்த வட்டாரத்து நாய் ஒன்றின் பெயர், இவருக்கு ஒட்டிக்கொண்டது. நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள், உடனே பிடித்துப்போகும். ஒழுக்கத்தின் திலகமாகப் பிறந்து வந்தவர் இல்லை. தெருச் சண்டைக்காரி.

1955இல் தெரிந்த ஒருவர் விளையாட்டாக ஒரு ஜூடோ பிடியை அவர் மேலேயே போட்டுக் காட்டினார். அது எப்படி முடிந்தது என்று கேட்டுக் கேட்டுப் பழகத் தொடங்கியவர்தான். கோபத்தை அடக்க அது உதவியது என்று பிறகு சொல்லியிருக்கிறார். புரூக்ளின் ஒய்.எம்.சி.ஏ. வகுப்பில் அப்போது எல்லோரும் ஆண்கள். பெண்ணைச் சேர்த்துக்கொள்ளவே தயங்கினார்கள். கெஞ்சியோ அடம் பிடித்தோ உள்ளே நுழைந்து, ஆண்களோடேயே விழுந்து எழுந்து பழகினார்.

இனி அந்த 1959ஆம் வருடத்துக்கு வருகிறேன். நியூயார்க் மாநிலத்தின் யூட்டிகா நகரில் ஒய்.எம்.சி.ஏ. அணிகளுக்கான சாம்பியன்ஷிப். ரஸ்டி மாற்று ஆட்டக்காரர், அதாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டியவர். அணியில் ஒருவருக்கு அடிபட்டது. இறங்கியே ஆக வேண்டிய நிலை.

இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். ஜூடோ தெரியாதவர்களுக்கு அந்த மாறுவேடம் ஏதோ நாடக ஒப்பனை மாதிரித் தோன்றும். நமக்குத் தெரியும். எதிராளி முதலில் கை வைப்பதே சட்டையின் மார்புப் பட்டையில்தான். பிடித்து இழுப்பான், திருப்புவான், முழங்கையால் நெஞ்சை அழுத்துவான். அரை நிமிடத்தில் சட்டை பெல்ட்டிலிருந்து பிதுங்கி வெளியே வந்து தொங்கும். ஓடுகிற, குதிக்கிற எந்த விளையாட்டிலும் உடம்பை மறைத்துக்கொள்ளலாம். ஜூடோவில் மறைப்பதற்கு இடமே கிடையாது. மூச்சு முழுதாக இழுக்க முடியாதபடி நெஞ்சைக் கட்டிக்கொண்டு, முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு, அந்தப் பிடிக்குள் போய் நின்றார்.

டிரா பண்ணினால் போதும், யார் கண்ணிலும் படாமல் வந்துவிடு என்றுதான் அவருக்குச் சொல்லியிருந்தார்கள். அவர் ஜெயித்துவிட்டார். அணியும் ஜெயித்தது. மெடல் வாங்கிய பிறகு போட்டி நடத்தியவர் அவரைத் தனியே அழைத்து, நீ பெண்ணா என்று கேட்டார். ஆமாம் என்றார். மெடலைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. (தோற்ற அந்தப் பையனை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பாவமாக இருக்கும். பெயர்கூட யாருக்கும் ஞாபகம் இல்லை, ஆனால் அவன் விழுந்ததை உலகமே பேசுகிறது.)

இதில் இரண்டு விஷயத்தை நாம் சொல்லாமல் தாண்டிப் போகிறோம். ஒன்று, பெண்கள் கலந்துகொள்ளக் கூடாது என்று அந்தப் போட்டியில் விதி எதுவும் எழுதி வைத்திருக்கவில்லை. எழுத வேண்டிய தேவையே யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். எழுதாத விதியைக் காட்டித்தான் மெடலைப் பறித்தார்கள். இன்னொன்று நம்மைப் பற்றியது, அதனால்தான் கொஞ்சம் கசக்கும். 'இறங்கு, ஆனால் கண்ணில் படாதே' என்ற அந்த வார்த்தை நம் வாயிலும் இருக்கிறது. பெரிய பையனைத் தூக்கிப் போடும் பெண்ணிடம், போதும் போதும், அவன் மனசு கஷ்டப்படும் என்று சொல்லியிருக்கிறோமா இல்லையா? நான் சொல்லியிருக்கிறேன்.

மெடல் போன பிறகு அவர் என்ன செய்தார் என்பதுதான் பெரிய கதை. 1962இல் டோக்கியோவின் கோடோகனுக்குப் போனார். ஜிகோரோ கானோ தொடங்கிய, ஜூடோவுக்கே தாய்வீடான இடம். அங்கே பெண்களுக்குத் தனிப் பிரிவு 1926இலேயே வந்துவிட்டது, ஆனால் போட்டி கிடையாது. பெண்கள் கட்டாக்களை, அதாவது முன்கூட்டியே வகுத்த அசைவு வரிசைகளை, அழகாகச் செய்ய வேண்டும், மோதக் கூடாது. பெண்களின் கறுப்பு பெல்ட்டின் நடுவே ஒரு வெள்ளைக் கோடு ஓடும், தூரத்திலிருந்தே இது பெண் என்று தெரிவதற்கு. கானோவுக்குக் குருவாக இருந்தவரின் பேத்தி கெய்கோ ஃபுகுடாவே 1953இல் ஐந்தாம் டான் (கறுப்பு பெல்ட்டில் ஐந்தாம் நிலை) வாங்கிவிட்டு அங்கேயே நிற்க வேண்டியிருந்தது, அதற்கு மேல் பெண்களுக்கு இல்லை என்பது வழக்கம். பலர் கடிதம் மேல் கடிதம் எழுதிய பிறகுதான் 1972இல் ஆறாம் டான் கிடைத்தது. அப்படிப்பட்ட இடத்தில், பெண்கள் பிரிவில் தனக்கு ஈடு கொடுக்க ஆள் இல்லாமல் போனதால், ஆண்களோடு பழக ரஸ்டிக்கு அனுமதி கிடைத்தது. கோடோகனில் அப்படிப் பழகிய முதல் பெண் அவர். அங்கேதான் ரியோஹெய் கனோகோகியைச் சந்தித்தார். 1964இல் நியூயார்க்கில் கல்யாணம்.

அந்த 1964இல்தான் ஜூடோ முதல்முறையாக ஒலிம்பிக்கில் வந்தது, டோக்கியோவில். ஆண்களுக்கு மட்டும். ஆண்களுக்கான உலக சாம்பியன்ஷிப் அதற்கும் எட்டு வருடம் முன்பே, 1956இல் தொடங்கியாகிவிட்டது.

பெண்களுக்கு ஏன் இல்லை என்று கேட்டால் வந்த பதிலை நீங்களும் நானும் மனப்பாடமாகச் சொல்வோம். போதிய ஆள் இல்லை. ஒலிம்பிக்கில் ஒரு விளையாட்டைச் சேர்க்க வேண்டுமானால் அது பல நாடுகளில், பல கண்டங்களில் விளையாடப்பட வேண்டும். பெண்களுக்கு உலகப் போட்டியே இல்லாதபோது எந்த நாடு பெண்கள் அணியைத் தயார் செய்யும்? அணிகள் இல்லாதபோது உலகப் போட்டியை யார் நடத்துவார்கள்? நீச்சல் கற்றுக்கொண்ட பிறகுதான் தண்ணீரில் இறங்க வேண்டும் என்பது மாதிரி.

இந்தச் சுழலை ரஸ்டி உடைத்த விதத்தைத்தான் நாம் கதையாகச் சொல்ல வேண்டும் என்பது என் வாதம். அவர் உலகப் போட்டியை முதலில் வைத்தார். 1980 நவம்பர் 29, 30 தேதிகளில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் இருந்த ஃபெல்ட் ஃபோரம் அரங்கில் பெண்களுக்கான முதல் உலக ஜூடோ சாம்பியன்ஷிப் நடந்தது. பணம் போதாமல் சொந்த வீட்டை அடமானம் வைத்தார்.

அடமானம் என்ற சொல்லை வேகமாகப் படித்துத் தாண்டிவிடாதீர்கள். வீட்டுப் பத்திரத்தைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வருகிற அனுபவம் எப்படிப்பட்டது என்று நம்மில் பலருக்குத் தெரியும். கல்யாணத்துக்கு வைப்போம், ஆஸ்பத்திரிச் செலவுக்கு வைப்போம், பிள்ளையின் படிப்புக்கு வைப்போம். அவர் பிள்ளைகள் இருக்கும் வீட்டை, முன்பின் தெரியாத பெண்கள் வந்து மோதிக்கொள்வதற்காக வைத்தார். நெஞ்சைக் கட்டிக்கொண்டு மேட்டில் (ஜூடோ விரிப்பில்) ஏறுவதற்கு ஒரு நாள் துணிச்சல் போதும். இதற்கு மாதக்கணக்கில் துணிச்சல் வேண்டும், தவணைத் தேதிதோறும் வேண்டும்.

ஆள் இல்லை என்றார்களே, அந்தப் போட்டிக்கு 27 நாடுகளிலிருந்து 149 பேர் வந்தார்கள். 48 கிலோவில் பிரிட்டனின் ஜேன் பிரிட்ஜ் ஜெயித்தார். ஆஸ்திரியப் பெண்கள் மூன்று தங்கம் அள்ளிக்கொண்டு போனார்கள். எடை வரம்பில்லாத ஓப்பன் பிரிவில் பெல்ஜியத்தின் இங்கிரிட் பெர்க்மன்ஸ். ஜப்பானிலிருந்து வந்த கவோரி யமாகுச்சிக்கு அப்போது பதினைந்து வயது, 52 கிலோ இறுதியில் தோற்று வெள்ளி வாங்கினார். நான்கே வருடத்தில், 1984 வியன்னாவில், அதே யமாகுச்சி ஜப்பானின் முதல் பெண் உலக சாம்பியன் ஆனார். ஜூடோ பிறந்த நாட்டுக்கு முதல் பெண் சாம்பியன் கிடைப்பதற்கு புரூக்ளினில் ஒருத்தி வீட்டை அடமானம் வைக்க வேண்டியிருந்தது என்று நான் சொன்னால் மிகை என்பீர்கள். கொஞ்சம் மிகைதான். ஆனால் அந்த மேட் விரிக்கப்படாமல் இருந்திருந்தால் அந்தப் பதினைந்து வயதுக்காரி எங்கே போய் மோதியிருப்பாள்?

அதற்குப் பிறகும் கதவு தானாகத் திறக்கவில்லை. 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக் அவர் சொந்த நாட்டிலேயே நடந்தது. அதிலும் பெண்கள் ஜூடோ இல்லை. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியைக் கோர்ட்டுக்கு இழுப்பேன் என்று மிரட்டும் அளவுக்குப் போனார் ரஸ்டி. கடைசியில் 1988 சியோலில் காட்சிப் போட்டியாக, அதாவது அதிகாரப்பூர்வ மெடல் கணக்கில் சேராத போட்டியாகச் சேர்த்தார்கள். அமெரிக்கப் பெண்கள் அணிக்குப் பயிற்சியாளராகப் போனவர் அவரேதான். அவருடைய அணியில் லின் ரோத்கி 61 கிலோவில் வெள்ளி வாங்கினார். 1992 பார்சிலோனாவில்தான் முழு மெடல் போட்டி. ஆண்களுக்கு 1964, பெண்களுக்கு 1992. இருபத்தெட்டு வருட இடைவெளி. பார்சிலோனாவில் போட்டி நடத்திய ஸ்பெயினுக்கே பெண்கள் ஜூடோவில் இரண்டு தங்கம் கிடைத்தது, மிரியம் பிளாஸ்கோவுக்கும் அல்முதேனா முன்யோஸுக்கும். ஊரே கொண்டாடியது.

ஜப்பான் அரசு 2008இல் ரஸ்டிக்கு 'உதயசூரியன்' விருது கொடுத்தது. அதே வருடம் பெய்ஜிங்கில் ரோண்டா ரௌஸி வெண்கலம் வாங்கினார், ஒலிம்பிக் ஜூடோவில் அமெரிக்கப் பெண் ஒருவர் வாங்கிய முதல் மெடல் அது. மறு வருடம் ஆகஸ்டில் அந்த ஒய்.எம்.சி.ஏ. மெடல். நவம்பர் 21இல், 74ஆம் வயதில், புற்றுநோயால் இறந்துபோனார். மெடலைக் கையில் வைத்திருக்க மூன்று மாதம் கிடைத்தது.

அவர் பார்க்காமல் போன ஒன்றை நான் தொலைக்காட்சியில் பார்த்தேன். டோக்கியோவில், கொரோனாவால் 2021க்குத் தள்ளிப்போன அந்த ஒலிம்பிக்கில், ஆண்களும் பெண்களும் கலந்த அணிப் போட்டி முதல்முறையாக வந்தது. ஒரு அணிக்கு மூன்று ஆண்கள், மூன்று பெண்கள். இறுதியில் பிரான்ஸ் ஜப்பானை அதன் சொந்த மண்ணிலேயே தோற்கடித்தது. யூட்டிகாவில் அணியில் ஒரு பெண் இருந்ததற்காக மெடலைப் பறித்தார்கள். இங்கே பெண் இல்லாத அணியை மேட்டுக்கே ஏற்ற மாட்டார்கள். தொலைக்காட்சி முன் உட்கார்ந்து நான் ஏன் அழுதேன் என்று வீட்டில் யாருக்கும் புரியவில்லை.

இப்போது நம் விஷயத்துக்கு வருகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு போட்டிக்கு என் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். எங்கே, யார் நடத்தியது என்று சொல்லப்போவதில்லை, சொன்னால் அவர்களை மட்டும் திட்டிவிட்டு மற்றவர்கள் தப்பித்துக்கொள்வீர்கள். காலை ஏழு மணிக்குப் பெண்களுக்கு எடை பார்த்தார்கள். சாப்பிடாமல் எடை போட்டுவிட்டு, எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாததால் வயிறு நிறையச் சாப்பிடவும் பயந்து, பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். முதல் பெண்கள் பவுட்டை (மோதலை)க் கூப்பிட்டபோது மணி ஐந்தரை. இரண்டு மேட்டில் ஒன்றைச் சுருட்டத் தொடங்கியிருந்தார்கள். மைக் செட்காரர் வயரைக் கழற்றிக்கொண்டிருந்தார். நேரம் இல்லை என்று பவுட்டைப் பாதியாகக் குறைத்தார்கள். 40 கிலோவிலும் 44 கிலோவிலும் ஆள் குறைவு என்று இரண்டையும் ஒன்றாக்கினார்கள். 36 கிலோவை அடித்தே விட்டார்கள், அதில் ஒரே பெண்தான் பெயர் கொடுத்திருந்தாள் என்று. சர்டிஃபிகேட்டில் 'மகன்' என்று மட்டும் அச்சாகியிருந்தது. என் மாணவியின் சர்டிஃபிகேட்டில் யாரோ ஒருவர் பேனாவால் 'ன்' எழுத்தை அடித்து 'ள்' போட்டுக் கொடுத்தார். அது இன்னும் அவள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது.

இதைச் செய்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. மதியம் என் பிள்ளைகளுக்குத் தண்ணீர் பாட்டில் கொண்டுவந்து கொடுத்தவரும் அவர்களில் ஒருவர்தான். 'பொம்பளப் புள்ளைங்க வந்தாத்தானே மேடம் நாங்க வைக்க முடியும்' என்று நிஜமாகவே வருத்தத்தோடு சொன்னார். 1970களில் பெரிய பெரிய கமிட்டிகள் சொன்னதும் இதையேதான், கோட்டு சூட்டோடு சொன்னார்கள்.

அந்த 36 கிலோப் பெண் அடுத்த வருடம் வரவில்லை. அவள் தோழிகள் இரண்டு பேரும் வரவில்லை. அடுத்த வருடமும் ஆள் குறைவு என்றார்கள்.

ஆகவே கேட்கிறேன். பெண்கள் எடைப்பிரிவு எதையும் போட்டி நாளன்று அடிக்காதீர்கள். ஒரே பெண் வந்தாலும் பிரிவு இருக்கட்டும், அவளுக்கு ஒரு நட்புப் பவுட் வைத்துக் கொடுத்து அனுப்புங்கள். பெண்கள் பவுட்டைக் காலையில், மைக் உயிரோடு இருக்கும்போது, பெற்றோர் கேலரியில் இருக்கும்போது வையுங்கள். மேசையிலும் மேட்டிலும் பெண் அதிகாரிகள் உட்காரட்டும். டோக்கியோ ஒலிம்பிக்கிலேயே எல்லா விளையாட்டுகளையும் சேர்த்து, வந்த பயிற்சியாளர்களில் பெண்கள் 13 சதவீதம்தான் என்பதால் இதில் நாம் மட்டும் பின்தங்கியிருக்கிறோம் என்று நான் சொல்லவில்லை, ஆனால் நம் மேசையில் நாற்காலி போடுவது நம் கையில்தான் இருக்கிறது. யாருடைய வீட்டையும் அடமானம் வைக்கச் சொல்லவில்லை. அட்டவணைத் தாளில் வரிசையை மாற்றச் சொல்கிறேன். ரெஃப்ரி லைசென்ஸ் என்னிடம் இல்லை, ஆனால் டைம் கீப்பர் வேலைக்கு நான் வருகிறேன். ஸ்டாப் வாட்ச்சையும் நானே கொண்டுவருகிறேன்.

பிள்ளைகளுக்கு ரஸ்டி கதையைச் சொல்லும்போது ஃபெல்ட் ஃபோரம் வரைக்குமாவது சொல்லுங்கள். பத்து நிமிடம் கூட ஆகும். வார்ம்-அப் கொஞ்சம் தாமதமாகத் தொடங்கட்டும்.

மெடலைத் திருப்பிக் கொடுத்தார்களா என்று கேட்டவளுக்கு இப்போது பெல்ட் கட்டத் தெரியும். அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள், 36 கிலோ. விசாரித்தேன், அந்தப் பிரிவில் அவளையும் சேர்த்து இரண்டே பேர். தயவுசெய்து அதை அடித்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்களோடு மேட் துடைக்கும் ஒரு மாஸ்டர்